ஆறு மாதத்துக்கு ஒரு வீடு

ஆறே மாதம் என்று சொல்லித்தான் விஜயபுரத்தில் அந்த வீட்டுக்குக் குடி போனோம். வேலை அப்படி. நகரியை ஒட்டிய ஊர். சற்றுத் தள்ளிப் போனால் தமிழ்நாடு. சிமெண்ட் ஷீட் போட்ட இரண்டு அறை, ஜன்னல் இல்லாத ஒரு சமையலறை, சுவரில் இடுப்பளவுக்கு ஓதம். வீட்டுக்காரரிடம் குறைகளைச் சொல்லத் தொடங்கியதுமே அவர் கையை உயர்த்திவிட்டார். "ஆறு மாசம்தானே சார், சர்துக்கோண்டி." சமாளித்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம்.

அந்த வார்த்தை இந்த எல்லையோரத்துக்குப் புதிதல்ல. 1953-ல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் ஜில்லா அதனுடன் போயிற்று. தகராறு ஏழு வருஷம் நீடித்து, படாஸ்கர் கமிஷன் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. நகரி, புத்தூர், விஜயபுரம் எல்லாம் அங்கேயே நின்றன. வீட்டில் தமிழும் பள்ளிக்கூடத்தில் தெலுங்குமாகச் சமாளித்துக்கொள்ளப் பழகிய ஜனங்கள்.

அடுத்த வீட்டில் ஒரு விசைத்தறிக் குடும்பம். அவர்கள் இரண்டு வருஷத்துக்கு என்று வந்தவர்கள். பதினான்கு வருஷமாகிவிட்டது. சமையலறையில் இன்னும் தொங்கும் பல்புதான். மேடை கிடையாது, தரையில் அடுப்பு. "போயிடப் போற வீட்டுக்கு எதுக்குக் காசு போடறது?" என்றார் அந்த அக்கா. கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. பதினான்கு வருஷம் குனிந்து சமைத்த முதுகைத் தடவிக்கொண்டே அதைச் சொன்னார்.

எங்களுடன் அப்பா இருந்தார், வயது 79. நாங்கள் போனது மார்ச் மாதம். பதினொரு மணிக்கெல்லாம் ஷீட் காய்ந்து, அறை ரொட்டி அடுப்பு மாதிரி ஆகிவிடும். ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து, "வெளியே நிழல் இருக்கு, வீட்டுக்குள்ளதான்டா வெயில்" என்பார். மே மாதத்தில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும் ஊர். ஆறு மாதத்தில் அந்த மே மாதமும் அடக்கம் என்பதை வாடகை பேசும்போது யாரும் நினைப்பதில்லை.

ஒதுக்க முடிந்தது 12,000 ரூபாய். முன்னறைக்கு டிஸ்டெம்பர் அடித்து, நல்ல திரைச்சீலை போட வேண்டும் என்பது மனைவியின் திட்டம். முதலில் கூரை என்றேன். "வர்றவங்க கூரையையா அண்ணாந்து பார்க்கப் போறாங்க?" என்றாள். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் கூரைக்கும் முன்னால் இன்னொன்று செலவு வைத்தது. ஃபிரிட்ஜைத் தொட்டால் விரலில் சுர்ரென்றது. எலக்ட்ரீஷியன் வந்து பிளக் பாயிண்டைக் கழற்றினால், மூன்றாவது ஓட்டை வெறும் அலங்காரம். எர்த் கம்பியே இல்லை. பழைய வாடகை வீடுகளில் பாதி சங்கதி இதுதான். எர்த் போட்டு, மெயினில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தை வெட்டிவிடும் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் பொருத்த, கூலியோடு 4,500 ஆயிற்று. பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். கண்ணுக்குத் தெரியாத செலவு என்பதால் மனசு கேட்கவில்லை. ஈரச் சுவர் உள்ள வீட்டில் வேறு வழியும் இல்லை.

பிறகு சுண்ணாம்பு. தெலுங்கில் சுன்னம். ஷீட்டின் மேல் வெள்ளையடிப்பதில் ரகசியம் எதுவும் இல்லை. வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுகிறது, அவ்வளவுதான். 2010-ல் கடும் வெப்பத்தில் ஏராளமானோரைப் பறிகொடுத்த ஆமதாபாத், 2013-ல் வெப்பத் தடுப்புத் திட்டம் ஒன்றை வகுத்தது. குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளையடிப்பதையும் பிற்பாடு அதில் சேர்த்துக்கொண்டது. தெலங்கானா அரசு 2023-ல் குளிர்க் கூரைக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. 2028-க்குள் 300 சதுர கிலோமீட்டர் இலக்கு. நம் பாட்டிகள் கொள்கை எதுவும் இல்லாமலே பொங்கலுக்குப் பொங்கல் சுவருக்கு அடித்தார்கள். கூரைக்கு மட்டும் யாரும் அடிக்கவில்லை, ஓலையும் ஓடும் இருந்த காலத்தில் அவசியம் வரவில்லை.

சுண்ணாம்பை முதல் நாள் இரவே டிரம்மில் ஊறப்போட்டு, துணியில் வடிகட்டி, ஒரு கை உப்பும் கொஞ்சம் ஃபெவிக்காலும் கலந்து, இரண்டு பூச்சு. கண்ணில் தெறித்தால் ஆபத்து, கண்ணாடி போட்டுக்கொண்டுதான் கலக்க வேண்டும். ஷீட்டின் மேல் நேராகக் கால் வைக்கக் கூடாது, உடைந்து உள்ளே விழுந்துவிடுவோம். கீழே சட்டம் போகும் இடம் பார்த்துப் பலகை போட்டு, அதன் மேல்தான் நடக்க வேண்டும். பழைய ஷீட்டாக இருந்தால் ஆஸ்பெஸ்டாஸ்தான். அதை உலர்ந்தபடி சுரண்டுவதோ துளைப்போடுவதோ நுரையீரலுக்கு விஷம்; தண்ணீர் ஊற்றி நனைத்து, மெல்லக் கழுவிவிட்டு அடித்தோம். சுவரின் உச்சியில் எதிரெதிராக நாலு செங்கலை எடுத்துக் கொசுவலை அடித்ததில், மேலே தேங்கி நின்ற சூடு வெளியேற வழி கிடைத்தது. மத்தியானம் அறைக்குள் 41 காட்டிய என் மலிவுத் தெர்மாமீட்டர் மறுவாரம் 37 காட்டியது. அப்பா திண்ணையிலிருந்து உள்ளே வந்து படுத்தார்.

ஓதத்துக்கு உள்ளே மருந்து கிடையாது. கூரைத் தண்ணீர் சுவரோரமாகவே கொட்டி ஊறிக்கொண்டிருந்தது. ஒரு சாண் ஆழத்துக்குச் சரிவாகக் கால்வாய் வெட்டியதோடு பாதி சரி. சமையலறைக்கு இரண்டு செங்கல் தூண், மேலே ஒரு கடப்பா கல். 2022 வரை கடப்பா பக்கத்து மாவட்டமாகத்தான் இருந்தது.

இதையெல்லாம் செய்யும்முன் ஒரு காரியம் செய்தேன். என்னென்ன வேலை, எவ்வளவு செலவு, அதில் எவ்வளவு வாடகையில் கழியும் என்று ஒரு தாளில் எழுதி வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கினேன். முதலில் முகம் சுளித்தார். 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவைச் சொன்னேன்: வீட்டுக்காரர் செய்ய வேண்டிய ரிப்பேரை, தெரிவித்த பிறகும் நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால், குடியிருப்பவர் செய்துவிட்டுச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். எது யார் செய்ய வேண்டிய ரிப்பேர் என்பதில்தான் வழக்குகள் வருகின்றன. அதனால்தான் தாள். எர்த்துக்கும் கால்வாய்க்கும் சம்மதித்தார். கூரைக்குச் சுண்ணாம்பு உங்கள் சௌகரியம் என்றுவிட்டார். அந்தக் காசு போனது போனதுதான்.

ஆறு மாதம் பதினான்கு மாதமாயிற்று. காலி செய்யும்போது, நாம் பொருத்தியதை வீடு நம் வசம் இருக்கும்போதே, வீட்டை வந்தபோது இருந்த நிலையில் விட்டு, கழற்றிக்கொள்ள அதே பிரிவு இடம் தருகிறது. மின்விசிறியையும் குழாயையும் கழற்றினேன். ஆர்.சி.சி.பி.யில் கை வைக்கவில்லை; அதற்குத்தான் வாடகையில் கழித்தாயிற்றே. கடப்பா கல்லைத் தூக்க ஆள் கிடைக்கவில்லை. அடுத்து வருபவர்களுக்கு வாடகை 700 ரூபாய் கூட என்று வீட்டுக்காரர் சொன்னார். "இப்ப வீடு நல்லாயிருக்கு இல்ல சார்?"

மீந்திருந்த அரை மூட்டைச் சுண்ணாம்பை அடுத்த வீட்டு அக்கா கேட்டு வாங்கிக்கொண்டார். எப்படிக் கலப்பது என்று அப்பா திண்ணையில் உட்கார்ந்தபடியே சொல்லிக் கொடுத்தார். மறுநாள் சாமான் லாரி கிளம்பும்போது, அவர்கள் கூரையில் பையன் பலகை மேல் உட்கார்ந்திருந்தான். பாதி வெள்ளையாகியிருந்தது.