கிடங்கு எங்கே என்பதை வயல் சொல்லட்டும்!



டெல்டாவில் குறுவை அறுப்பு புரட்டாசி, ஐப்பசியில். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். இது இன்று நேற்று வந்த மழையா? ஆனாலும் வருஷா வருஷம் கொள்முதல் நிலைய வாசலில் நம்ம நெல் நனையுது, முளைக்குது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டோம் என்கிறார்கள். 2022 அக்டோபரில் அதை 19 ஆக்க டெல்லி வரைக்கும் கேட்க வேண்டியிருந்தது.

மழை மேல் பழி போட்டுத் தப்பிக்க முடியாது. எடை போட்ட மூட்டை ஏன் நகரலை? லாரி வரலை. லாரி ஏன் வரலை? தூரத்துக் கிடங்கில் இறக்க முடியாமல் வரிசையில் நிற்குது. பழைய மூட்டை போகாமல் புது நெல்லை எடுக்க மாட்டார்கள். களத்தில் குவித்த நெல்லுக்குப் படுதாதான் கூரை!

ஒரு கணக்குப் பாருங்கள். 40 கிலோ மூட்டை 250 ஏற்றினால் 10 டன். அரைத்தால் அரிசி 6.8 டன்தான் வரும். மிச்சம் உமி, தவிடு. வேறு மாவட்ட ஆலைக்குப் போகும் ஒவ்வொரு லோடிலும் 3 டன்னுக்கு மேல் உமியையும் தவிட்டையும் சேர்த்தே சுமக்கிறோம். அரிசி மறுபடி நம்ம ரேஷன் கடைக்கே திரும்பி வருது. இரண்டு பக்கமும் டீசல், புகை, வாடகை. கிடங்கும் ஆலையும் பக்கத்தில் இருந்தால் ஓட்டம் குறையும். உமி இங்கேயே நெல் அவிக்கும் கொதிகலனுக்கு எரிபொருளாகும்.

ஊருக்கு ஊர் கிடங்கு கட்ட முடியுமா என்று அதிகாரிகள் கேட்பார்கள். நாம் அப்படிக் கேட்கவில்லை. நாலைந்து கொள்முதல் நிலையங்களுக்கு நடுவே, லாரி திரும்பும் சாலையோரம், வெள்ளம் ஏறாத மேட்டில் ஒன்று போதும். புறம்போக்கு காலியாகக் கிடக்குது என்பதற்காகப் பள்ளத்திலும் ஏரி உள்வாயிலும் கட்டாதே என்கிறோம். அங்கே கட்டினால் நெல்லும் நனையும், தண்ணீர் தேங்க இடமும் போகும்.

2023 மே மாதம் மத்திய அமைச்சரவை, கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் 5 ஆண்டில் 700 லட்சம் டன் சேமிப்பு வசதி என்று திட்டம் போட்டது. கட்டடம் வரும் முன்னே இடத்தை யார் முடிவு செய்வது? எந்த வாய்க்கால் எப்போது உடைக்கும், எந்த மேடு நனையாது என்று தெரிந்த நாம்தான்!

ஆகஸ்ட் 15 கிராம சபைக்குக் குடும்பத்தோடு வாருங்கள். நம்ம பகுதிக்குக் கிடங்கு வேண்டும், இடத்தை விவசாயிகளைக் கேட்டே தேர்வு செய்ய வேண்டும் என்று தீர்மானம் போடுவோம்.

விளைய வைத்தவன் சொல்லும் இடத்தில் கிடங்கு கட்டு!
ஒன்றுபடுவோம்! வென்று காட்டுவோம்!

— செயலாளர்