விருப்பம் எனும் வலை

பொழுது புலருமுன் குன்றத்தூர்ச் சாலையில், ஒரகடம் செல்லும் தொழிற்சாலைப் பேருந்துக்காகக் காத்து நிற்கும் இளைஞர்களைக் காண்கிறோம். கட்டுடல் கொண்ட காளையர். மருத்துவமனை வாயிலை மிதித்தறியாதோர். காப்பீட்டு வணிகரின் கண் இவர்கள்மீதுதான்!

2015ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்ட உரையில் நிதியமைச்சர் அருண் ஜெட்லி ஒரு யோசனை சொன்னார். தொழிலாளி இ.எஸ்.ஐ. எனும் ஈட்டுறுதித் திட்டத்தில் இருக்கலாம், அல்லது ஒழுங்குமுறை ஆணையம் ஏற்ற மருத்துவக் காப்பீடு ஒன்றை வாங்கலாம். அது அவர் விருப்பம் என்றார். இ.எஸ்.ஐ.யிடம் இருப்போர் வாடிக்கையாளர் அல்லர், பிணைக்கைதிகள் என்றும் சாடினார். தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, யோசனை சட்டமாகவில்லை. எனினும், "போட்டி வந்தால்தானே தரம் உயரும்?" என்று கற்றறிந்தோரே இன்றும் நம்மிடம் வாதிடுகின்றனர்.

எதற்கும் எதற்கும் போட்டி? 21,000 ரூபாய் ஊதியம் பெறுபவரிடம் இ.எஸ்.ஐ. பிடிப்பது முக்கால் விழுக்காடு; 157 ரூபாய் 50 காசு. முதலாளி தருவது மூன்றேகால் விழுக்காடு. வயதென்ன, நீரிழிவு உண்டா என்று அது கேட்பதில்லை. சேர்ந்த நாள் முதல் மருத்துவம். நோயில் வீழ்ந்தால் ஆண்டுக்கு 91 நாள்வரை ஊதியத்தில் 70 விழுக்காடு. பேறுகாலத்துக்கு 26 வாரம்.

தனியாள் வாங்கும் காப்பீட்டிலோ வயது ஏறக் கட்டணமும் ஏறும். ஆணையம் ஒழுங்குபடுத்துகிறதே என்பர். ஆம், பழைய நோய்க்கான காத்திருப்பை 2024இல் நான்காண்டிலிருந்து மூன்றாண்டாகக் குறைத்தது. நன்று! நோயும் மூன்றாண்டு காத்திருக்குமா? மருத்துவமனைக் கணக்கைத் தீர்த்துவிடுவார்கள் என்றே கொள்வோம்; படுத்தவன் வீட்டில் அடுப்பெரிய யார் தருவார்?

இருபது வயதுக் காளையை வணிகர் மலிவு காட்டி அழைத்துச் செல்வர். அவன் செலுத்தும் பணமன்றோ இன்று இயந்திரத்தில் விரலிழந்தவனுக்குச் சோறாகிறது? அவன் போனபின் எஞ்சுவோர் முதியோரும் நோயாளரும். பெட்டி வற்றும். "பார்த்தீரா, அரசுத் திட்டம் தோற்றது!" என்று முரசறைவர். கதிரை அறுத்துக்கொண்டு தாளை விட்டுச் சென்றவன், நிலம் விளையவில்லை என்றானாம்!

இ.எஸ்.ஐ.யில் குறையில்லை என்று சாதிக்க நாம் வரவில்லை. கலைஞர் கருணாநிதி நகர் மருத்துவமனைக்குப் போய்வர ஒருநாள் கூலி போகிறது. பிடித்த பணத்தைக் கட்டாத ஒப்பந்தக்காரர் உண்டு. 2017இல் வைத்த ஊதிய வரம்பு 21,000. சம்பளம் சற்று ஏறிய குற்றத்துக்காகத் தொழிலாளி வெளியே தள்ளப்படுகிறார். பிணைக்கைதி என்று இரங்கியோர், வெளியேற வாயில் திறக்கத் துடித்தார்களே, உள்ளே வரத் துடிப்போருக்கு ஏன் திறக்கவில்லை? வரம்பை உயர்த்துக, கட்டாத ஒப்பந்தக்காரரைக் கூண்டிலேற்றுக, இரவுப்பணி முடித்து வருபவன் வரும் நேரத்தில் மருந்தகத்தைத் திறந்து வைத்திடுக.