பைரவருக்கு வடைமாலை, நாய்க்குச் சுடுதண்ணியா?

மனசு பொறுக்காம எழுதுறோம். தேய்பிறை அஷ்டமிக்கு வரிசையில நின்னு பைரவருக்கு வடைமாலை சாத்தினோம். அன்றிரவே அன்னதானக் கூடத்துப் பின்னால படுத்திருந்த தெருநாய் மேல யாரோ சுடுதண்ணி ஊத்தியிருக்காங்க. முதுகுத் தோல் உரிஞ்சு கிடக்குது. கல் வாகனத்துக்குச் சந்தனம், உயிருள்ளதுக்கு இதுவா?

"கோயில் சுத்தம் கெடுதுல்ல"ங்கிறார் ஒரு அண்ணன். மிச்சச் சோற்றை மூடியில்லாத தொட்டியில கொட்டுறது யாரு? நாமதானே! மூடி போடுங்க, கருத்தடைக்குக் கைகொடுங்க. நாயை விட்டுட்டு சொர்க்கம் வேணாம்னு தருமர் நின்ன கதைக்குப் பிரசங்கத்துல தலையாட்டினோமே?

சட்டமும் சும்மா இல்லை. மலேசிய விலங்கு நலச் சட்டம் 2015-இன்படி கொடுமைக்கு 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே.

நாளைக் காலை அதை மருத்துவர்கிட்ட கொண்டு போறோம். வேன் உள்ளவங்க உடனே சொல்லுங்க.