பின்னால் அமர்பவரையும் கேளுங்கள்

1955-இல் சென்னையில் தொடங்கி, திருவொற்றியூரில் வேர்விட்ட என்ஃபீல்டின் வண்டிகள், நம்மைப் போலவே ஊர்விட்டு வந்து பவானிபூர் தெருக்களிலும் ஓடுகின்றன. புல்லட் ஓட்டிய அப்பாக்களின் பிள்ளைகள், 2020-இல் வெளிவந்த மீட்டியோர் 350 போன்ற குரூசர் வண்டிகளை விரும்புகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் பின்பக்க ஷாக் அப்சார்பரை மாற்றும் நேரம் வந்தால், பலர் பார்ப்பது பளபளப்பை மட்டுமே. அது சரியல்ல என்பது என் கருத்து.

குரூசரில் இருக்கை தாழ்வு. ஓட்டுபவரின் கால்கள் முன்னே நீண்டிருக்கும். பள்ளத்தில் காலை ஊன்றி எழும்புவது கடினம். அடி இடுப்பில் இறங்கும். பின்னால் சேலையுடன் ஒருபக்கமாக அமர்ந்திருக்கும் அம்மாவுக்கோ பள்ளம் வருவதே தெரியாது. மழைக்குப் பிந்திய கொல்கத்தா சாலைகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. உள்ளிருக்கும் எண்ணெய் துள்ளலை அடக்குகிறது. வண்டியின் பின்பக்கத்தை அழுத்தி விட்டுப் பாருங்கள். ஒருமுறை எழுந்து அடங்கினால் நலம். இரண்டு மூன்று முறை ஆடினாலோ, தண்டில் எண்ணெய் கசிந்தாலோ மாற்றத்தான் வேண்டும். வெறுமனே குலுக்கல்தான் குறை என்றால், முதலில் ஸ்பிரிங்கை இறுக்கும் படிகளைத் திருப்பிப் பாருங்கள். மீட்டியோரில் ஆறு படிகள் உண்டு. தனியே செல்லத் தாழ்ந்த படி, இருவர் செல்ல உயர்ந்த படி. செலவில்லாமலே தீர்ந்துவிடலாம்.

வாங்குவதானால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். மேல் போல்ட் துளையிலிருந்து கீழ்த் துளை வரை பழைய நீளமே இருக்கட்டும். அழகுக்காகக் குட்டையானதைப் போட்டால், பாரம் ஏறும்போது டயர் மட்கார்டில் உரசலாம். வேகத்தடையில் அடிப்பாகம் தட்டலாம். ஸ்பிரிங், வழக்கமாக ஏறுவோரின் மொத்த எடைக்குப் பொருந்த வேண்டும். தனியாள் வண்டிக்கு மிகக் கடினமானது போட்டால் மரப்பலகையில் அமர்ந்தது போலிருக்கும்.

மல்லிக் பஜாரில் பழைய உதிரிபாகங்கள் கிடைக்கும். கண்ணாடி, கைப்பிடி வாங்கலாம். பழைய ஷாக் அப்சார்பர் வேண்டாம். உள்ளே தேய்ந்திருப்பது வெளியே தெரியாது. அதிக விலையே நல்லது என்றும் இல்லை. கம்பெனி பொருத்திய அதே வகையில் புதிய ஜோடி, பெரும்பாலான குடும்பங்களுக்குப் போதும்.

கடைக்குப் போகும் முன், பின்னால் அமர்பவரிடம் எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். மாற்றிய பின் அவரையே ஏற்றிக்கொண்டு ஹாஸ்ரா வரை ஒரு சுற்று சென்று வாருங்கள். சரியா, இல்லையா என்பதை அவர் சொல்லட்டும்.