கறுப்பு நிறத்தவருக்கு வாடகை வீடு: காஞ்சிபுரத்திலிருந்து ஒரு நிலைப்பாடு

வாடகைக்கு வீடு கேட்டு வரும் ஆப்பிரிக்கரை அவருடைய நிறத்துக்காகவோ நாட்டுக்காகவோ திருப்பி அனுப்பக் கூடாது. எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் நிலைப்பாடு இதுதான். நெசவாளர், பட்டுக் கடைக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர், மாடியை வாடகைக்கு விட்டுக் காலம் தள்ளுபவர் என்று பலரும் சேர்ந்த சங்கம் இது. எல்லோரும் முதல் பேச்சிலேயே ஒத்துக்கொண்டுவிடவில்லை. எதிர்த்தவர்கள் சொன்ன காரணங்களையும் மறைக்காமல் எழுதுகிறோம். ஊரில் பலர் மனதில் இருப்பவை அவைதான்.

சென்னையைச் சுற்றியுள்ள தனியார் பல்கலைக்கழகங்களில் ஆப்பிரிக்க மாணவர்கள் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறார்கள். 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும் வரை காட்டாங்குளத்தூரும் பொத்தேரியும் நம் மாவட்டம்தான். விடுதியை விட்டு வெளியே தங்க நினைப்பவர் வீடு தேடுவார். போனில் காலியாக இருந்த வீடு, ஆள் நேரில் வந்து நின்றதும் “நேத்தே அட்வான்ஸ் வாங்கிட்டோம்” என்று ஆகிவிடுகிறது. ஒரகடத்துக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் வேலைக்கு வரும் கொரியர், ஜப்பானியர் என்றால் அதே தரகர் ஏசி மாட்டி, வெஸ்டர்ன் டாய்லெட் வைத்து, கூடுதல் வாடகை பேசி முடித்துத் தருகிறார். ஆக, வெளிநாட்டுக்காரர் என்பதால் யாரும் பயப்படவில்லை. எந்த நாட்டுக்காரர், என்ன நிறம் என்பதைத்தான் பார்க்கிறோம்.

எதிர்ப்புக்குச் சொல்லப்பட்ட முதல் காரணம் போலீஸ் தொல்லை. வெளிநாட்டவரைத் தங்க வைத்தால் 24 மணி நேரத்துக்குள் அவருடைய விவரங்களை ஆன்லைனில் பதிய வேண்டும். லாட்ஜ்காரர்கள் ‘சி படிவம்’ என்று சொல்லிப் பழகியது இதைத்தான். 2025 செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டத்திலும் தங்க வைப்பவருக்கு இந்தக் கடமை உண்டு. பாஸ்போர்ட்டும் விசாவும் கையில் இருந்தால் வீட்டில் படித்த பிள்ளை உட்கார்ந்து முடித்துவிடும் வேலை. கொரியருக்குப் பதியும்போது சலிக்காத கை, நைஜீரியருக்கு மட்டும் ஏன் சலிக்கிறது?

இரண்டாவது காரணம் போதைப்பொருள். ‘நைஜீரியர் கைது’ என்று செய்தி வருவது உண்மை, கைதானவர்களில் குற்றவாளிகள் இருப்பதும் உண்மை. ஆனால் ‘சிங்கம் 2’ படத்தைப் பார்த்துவிட்டு ஒரு கண்டத்துக்கே தீர்ப்பு எழுதுவது வேறு சங்கதி. கஞ்சாவோடு பிடிபடும் உள்ளூர்க்காரருக்காக அவருடைய ஊர்க்காரர் எவருக்கும் வீடு இல்லை என்று நாம் சொல்வதில்லை. பிடிபட்டவரின் நாட்டைத் தலைப்பில் போடும் வழக்கத்தைச் செய்தியாளர்களும் விட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

மூன்றாவது, சமையல். கோயில் வீதிகளில் ‘சைவம் மட்டும்’ என்ற பலகை புதிதல்ல. அந்தப் பலகையின் மறைவில் சாதியும் மதமும் விசாரிக்கப்படுவதும் புதிதல்ல. குலம் கேட்டு வீடு விட்டுப் பழகிய ஊருக்கு நிறம் பார்த்து மறுப்பது கைவந்த வேலை. அசைவம் சமைக்கக் கூடாது என்ற நிபந்தனையை எல்லோருக்கும் ஒன்றுபோல வைத்தால் சங்கம் இப்போதைக்குத் தலையிடாது. இந்த வரியில் உறுப்பினர் சிலருக்கு மனக்குறை உண்டு, அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

இனி, நம் ஊர் பெருமை பேசும் ஒரு விஷயம். போதிதர்மர் காஞ்சியிலிருந்து சீனா போனவர் என்பது ‘7ஆம் அறிவு’ படம் வந்த பிறகு பள்ளிப் பிள்ளைகளுக்கும் பாடம். ஆறாம் நூற்றாண்டின் நடுவில் எழுதப்பட்ட பழைய சீனக் குறிப்பு ஒன்று அவரைப் பாரசீகர் என்கிறது, பிறகு வந்தவை தென்னிந்தியர் என்கின்றன, காஞ்சி என்பது அதற்கும் பின்னால் சேர்ந்த மரபு. பிறந்த ஊர் எதுவானாலும், சீன மண்ணில் பார்த்தவுடனே வேற்றாளாகத் தெரிந்தவர் அவர். அடர்ந்த தாடியும் உருட்டி விழித்த கண்ணுமாகக் கிழக்காசிய ஓவியர்கள் அவரை வரைந்திருப்பதைப் பார்த்தாலே புரியும். ஏழாம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து காஞ்சிக்கு வந்த யுவான் சுவாங், இந்நாட்டு மக்கள் நேர்மையானவர்கள், கல்வியை உயர்வாக மதிப்பவர்கள் என்று எழுதிவைத்தார். அவரும் இங்கே வேற்றாள்தான்.

போதிதர்மர் போன அந்தச் சீனாவில் இன்று வேற்றாளாகத் தெரியும் கறுப்பு நிறத்தவர் எப்படி வாழ்கிறார்கள்? குவாங்சோ நகரின் சியாவ்பெய் பகுதியில் 1990களின் பிற்பகுதியிலிருந்து ஆப்பிரிக்க வணிகர்கள் தங்கி, துணிமணியும் செருப்பும் வாங்கி ஊருக்கு அனுப்பி வந்தார்கள். பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாகவே வரும், முன்பின் தெரியாதவர் தலைமுடியைத் தொட்டுப் பார்ப்பார், கேட்காமல் படம் எடுப்பார், ஆங்கிலம் கற்பிக்கும் வேலைக்கு வெள்ளையர் மட்டும் வேண்டும் என்பார்கள். அந்நாட்டில் வாழ்ந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்பவை இவை. 2020 ஏப்ரலில் கொரோனா பயம் வந்தபோது குவாங்சோவில் பலரை வாடகை வீட்டிலிருந்தும் ஓட்டலிலிருந்தும் வெளியேற்றினார்கள். வாடகை கட்டியவர்கள் தெருவில் படுத்தார்கள். பெய்ஜிங்கில் இருந்த ஆப்பிரிக்கத் தூதர்கள் சீன அரசுக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தது.

சீனாக்காரனைக் குறை சொல்லிவிட்டு நாம் எழுந்து போய்விட முடியாது. 2014 ஜனவரியில் டெல்லி கிர்க்கியில் ஆப்பிரிக்கப் பெண்கள் தங்கியிருந்த பகுதியில் நள்ளிரவில் சோதனை நடத்தச் சொல்லி நின்றவர் டெல்லி அரசின் அமைச்சர் ஒருவர். 2016இல் பெங்களூரில் தான்சானியா மாணவியைக் கும்பல் தாக்கியது. அதே ஆண்டு டெல்லியில் காங்கோ இளைஞர் அடித்துக் கொல்லப்பட்டார். 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் ஒரு சிறுவனின் சாவை ஒட்டிக் கிளம்பிய வதந்தியில் ஆப்பிரிக்க மாணவர்கள் அடி வாங்கினார்கள். இனவெறி என்று தூதர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள், நம் அரசு ஏற்கவில்லை.

அதே 2017இன் அக்டோபரில் நம் குமரக்கோட்டம் முருகன் கோயில் வாசலில் ஒரு ரஷ்ய இளைஞர், ஏ.டி.எம். கார்டு முடங்கிப்போன நிலையில், கையேந்தி உட்கார்ந்தார். போலீஸார் விசாரித்து, வழிச்செலவுக்குப் பணம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் உதவுவதாக ட்விட்டரில் எழுதினார். ஊர் அன்று நன்றாகவே நடந்துகொண்டது. அந்த இடத்தில் ஒரு காங்கோ மாணவர் உட்கார்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கூட்டத்தில் கேட்டோம். பதில் சொல்ல யாரும் சிரமப்படவில்லை.

கூட்டத்தில் பலரை அசைத்தது சிங்கப்பூர்ப் பேச்சுதான். நான்கில் மூன்று பங்கினர் சீனர்கள் வாழும் அந்த நாட்டில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. ஆனாலும் ‘இந்தியர் வேண்டாம்’ என்ற வரியோடு வாடகை விளம்பரங்கள் வந்தது ஊரறிந்த செய்தி. மசாலா வாடை, வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளமாட்டார்கள் என்பவை அங்கே சொல்லப்பட்ட காரணங்கள். 2019இல் ஒரு விளம்பரத்தில் சீன நடிகருக்கு முகத்தில் கறுப்பு பூசி இந்தியராகக் காட்டினார்கள், எதிர்ப்பு வந்ததும் எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளை அங்கே அனுப்பியிருக்கும் பெற்றோர் எங்கள் சங்கத்திலும் உண்டு. அங்கே தம் பிள்ளைக்கு வீடு கிடைக்கவில்லை என்றால் கொதிக்கும் மனது, இங்கே தன் மாடியில் பூட்டைத் தொங்கவிடுவதை எங்களால் நியாயப்படுத்த முடியவில்லை.

நெசவாளர் ஒருவர் இன்னொன்றையும் நினைவூட்டினார். சென்னையைச் சுற்றிய தறிகளில் நெய்த கட்டம்போட்ட துணி நூற்றாண்டுகளாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போயிருக்கிறது. நைஜீரியாவின் கலபாரி மக்கள் பிறப்பு முதல் இறப்பு வரையான சடங்குகளில் அதைப் பயன்படுத்துகிறார்கள். நம் பக்கத்துத் துணியை உடுத்துபவரை அந்நியர் என்று எப்படி விரட்டுவது?

சட்டம் இந்த விஷயத்தில் அரைகுறை. அரசமைப்பின் 14, 21ஆம் பிரிவுகள் வெளிநாட்டவருக்கும் பொருந்தும், இனப் பாகுபாட்டைத் தடுக்கும் 15ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு குடிமக்களுக்கு மட்டும். தனியார் வீட்டு உரிமையாளரை இவை நேரடியாகக் கட்டுப்படுத்துவதும் இல்லை. இனப்பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1968இல் ஏற்று உறுதிசெய்தது. அதற்கேற்ற தனிச் சட்டம் வேண்டும் என்று மத்திய அரசைக் கேட்கிறோம்.

கோயில் விஷயத்தில் ஒரு வார்த்தை. இந்து அல்லாதவர் கொடிமரம் தாண்டலாமா என்ற விவாதத்துக்குள் இந்த அறிக்கை போகவில்லை. கானாவில் 1970களிலிருந்து ஆப்பிரிக்கர்களே நடத்தும் இந்து மடம் இருக்கிறது. அந்த ஊர்க்காரர் வரதராஜரைச் சேவிக்க வந்தால் நிறத்தை வைத்து மதத்தை முடிவுகட்டி வாசலில் நிறுத்தக் கூடாது.

நிறத்தைக் காரணம் காட்டி மறுக்கும் வீட்டின் ‘டு-லெட்’ அறிவிப்பு எங்கள் சங்கப் பலகையில் இனி இடம்பெறாது. வீடு தரும் உறுப்பினருக்கு ஆன்லைன் பதிவைச் சங்கமே செய்து தரும், கட்டணம் கிடையாது. வாடகை ஒப்பந்தம் எல்லோருக்கும் ஒரே மாதிரி எழுதப்பட வேண்டும், முன்பணத்தில் ‘வெளிநாட்டு ரேட்’ கூடாது. இந்த அறிக்கையின் நகல் தரகர்களுக்கும் காவல் நிலையங்களுக்கும் அருகிலுள்ள கல்லூரி நிர்வாகங்களுக்கும் கொடுக்கப்படுகிறது. வீடு மறுக்கப்பட்டவர் எங்களிடம் நேரில் வரலாம். உரிமையாளரோடு பேச அவருடன் உறுப்பினர் இருவர் போவார்கள்.