பூக்கடைக்கும் விளம்பரம் வேண்டும்

'பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?' என்பது நம்மவர் நாவில் நெடுங்காலமாக நிலவிவரும் வாசகம். தன் பொருளின் சிறப்பைத் தானே எடுத்துரைப்பவனைத் தற்புகழ்ச்சிக்காரன் என்று ஒதுக்குவதும், வாய்திறவாது நட்டமடைபவனை மானமுள்ளவன் என்று போற்றுவதும் நமக்கு வழக்கமாகிவிட்டன. இவ்வழக்கத்துக்கு விலை செலுத்திவருபவர் யார்? தோட்டத்தில் வியர்வை சிந்தும் கமக்காரரே என்பதை இவ்வாரம் எடுத்துக்காட்ட விரும்புகின்றோம்.

தேயிலையின் வரலாற்றை நோக்குவோம். 1890 ஆம் ஆண்டில் தோமஸ் லிப்டன் என்னும் கிளாஸ்கோ நகர வணிகர் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். அக்காலத்துப் பிரித்தானியக் கடைகளில் தேயிலை பெரும்பாலும் பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்தே விற்கப்பட்டது. அவரோ அதனைச் சிறு பொதிகளாகக் கட்டி, தம் பெயரை உறையிற் பொறித்து, மலிவாக விற்றார். ஊரெங்கும் விளம்பரம் செய்தார். கொழுந்து கொய்தவை மலையகத் தமிழரின் கைகள். உலகம் அறிந்ததோ லிப்டனின் பெயர்! ஒரு நூற்றாண்டு சென்றபின், 1980களில், மெரில் பெர்னாண்டோ என்னும் இலங்கையர் இந்நாட்டிலேயே பொதிசெய்த தேயிலையை 'டில்மா' என்ற பெயருடன் வெளிநாட்டுச் சந்தைகளுக்குக் கொண்டுசென்றார். மண்ணும் ஒன்றே, கொழுந்தும் ஒன்றே. பெயர் எவருடையதோ, இலாபம் அவர் பக்கமே சாய்கின்றது.

'விளம்பரமும் வேண்டாம், போட்டியும் வேண்டாம். அரசாங்கம் இறக்குமதியைத் தடுத்தாற் போதும்' என்பார் நம்மிடையே உளர். 1970 முதல் 1977 வரை ஆட்சிபுரிந்த திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் அக்காலத்திற் பணம் புழங்கியதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நிகழ்ந்தது யாது? 1977 இல் ஆட்சி மாறியது, ஜே. ஆர். ஜெயவர்த்தனாவின் அரசாங்கம் இறக்குமதிக் கதவைத் திறந்தது. அதே கமக்காரர் விலை வீழ்ந்து தவித்தனர். அத்துன்பத்தை நாம் சிறிதாக மதிக்கவில்லை. எனினும் ஒரு கையெழுத்தால் வந்த வாழ்வு மற்றொரு கையெழுத்தால் போயிற்று என்பதே அதன் பாடம். 2007 ஆம் ஆண்டின் விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டத்தின்கீழ் வெங்காயத்தின்மீதும் உருளைக்கிழங்கின்மீதும் விதிக்கப்பட்ட வரி வர்த்தமானி அறிவித்தல்களாற் கூடியும் குறைந்தும் வந்தது. 2021 இல் இரசாயன உரம் ஒரே ஆணையால் தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு முடியுமுன் அத்தடை தளர்த்தப்பட்டது. ஆட்சியதிகாரம் தன் கையில் இல்லாத ஓரினம் தன் சோற்றை வர்த்தமானியில் தேடலாமா?

ஆகவே சந்தையையே நாம் நம்பவேண்டும். ஆனால் எத்தகைய சந்தையை? இருவரும் விபரமறிந்து இசைவதே ஒப்பந்தம். ஒருவன் கண்ணைக் கட்டிவிட்டுப் பேசும் பேரம் சுதந்திர வர்த்தகமாகாது.

வட கேரளத்து மீனவரைப் பாருங்கள். 1997 முதல் 2001 வரை அக்கரையோரத்திற் கைத்தொலைபேசி படிப்படியாகப் பரவியது. கரை சேருமுன்னரே எந்தத் துறையில் என்ன விலை என்று கேட்டறிந்து படகைத் திருப்பினர். அதற்குமுன் பிடித்த மீனில் நூற்றுக்கு 5 முதல் 8 வரை வாங்குவாரின்றி வீணாகியது. பின்னர் அவ்வீண் அறவே ஒழிந்தது. மீனவரின் இலாபம் நூற்றுக்கு 8 கூடியது. வாங்குவோர் கொடுத்த விலை நூற்றுக்கு 4 குறைந்தது. பொருளியலாளர் ரொபேட் ஜென்சன் 2007 இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு இது. எந்த அமைச்சரும் விலை நிர்ணயிக்கவில்லை. அறிவு ஒன்றே இருதரப்பினரையும் வாழ்வித்தது.

அதே கருவி இன்று நம் கமக்காரரின் சட்டைப்பையிலும் உண்டு. ஆயினும் விலை கேளாது மூட்டையைச் சந்தைக்கு ஏற்றி, இறக்கியபின் கைகட்டி நிற்பவர் எத்தனை பேர்! நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோவைக் 'கழிவு' என்று வெட்டும் வழக்கத்தை எதிர்த்து நம் கமக்காரர் பலகாலம் முறையிட்டுள்ளனர். சந்தைக்குச் சுதந்திரம் கோரும் நாமே சொல்கின்றோம்: நிறையிற் செய்யும் வஞ்சகம் வியாபாரமன்று. விலையை அரசாங்கம் நிர்ணயிக்க வேண்டாம். தராசைச் சட்டம் காக்கட்டும்.

தற்புகழ்ச்சி என்று அஞ்சுவோர்க்கு ஒன்று கூறுவோம். பெயரற்ற சாக்கிற் கல்லிருந்தால் எவரைக் கேட்பது? உறையில் தன் பெயரையும் ஊரையும் பொறிப்பவன் தன் பொருளுக்குத் தானே பிணை நிற்கின்றான். பொய் சொன்னால் அப்பெயரே அவனைக் காட்டிக்கொடுக்கும். உண்மையான விளம்பரம் வாக்குறுதியேயன்றித் தற்பெருமையன்று.

கறுத்தக்கொழும்பான் மாம்பழமும், பனங்கட்டியும், நம் செம்மண்ணின் சின்ன வெங்காயமும் விளைந்த ஊரின் பெயரோடும், விளைவித்த சங்கத்தின் பெயரோடும் வெளியேறட்டும். அதற்குரிய பதிவையும் ஒப்பந்தத்தையும் எழுதுவது சட்டம் கற்றோர் கடன். கணக்கைச் சீர்செய்வது கணக்காளர் கடன். தரத்தைச் சோதிப்பது விஞ்ஞானம் பயின்றோர் கடன். தோட்ட வருமானத்தாற் படித்து உத்தியோகம் பெற்ற நாம் அத்தோட்டத்துக்கு ஆற்றவேண்டிய கைம்மாறு இதுவேயாகும்.

நிறைகுடம் தளும்பாது என்பர். தளும்ப வேண்டாம், ஆனால் அறைக்குள் மூடிவைத்த நிறைகுடம் எவர் தாகத்தையும் தீர்ப்பதில்லை. கமக்காரர் தம் பொருளோடு தம் பெயரையும் சந்தைக்கு ஏற்றுவார்களாக!