மருமகள் பார்த்த பழைய கார்

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறன்று இரண்டாம் திருப்பலி முடிந்து எல்லாரும் கலைந்த பின்னர், நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் பங்கு இல்லத் திண்ணையில் அமர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நோயோ, இழவோ என்று அஞ்சி விசாரித்தேன். "அப்படி ஒன்றுமில்லை, சுவாமி. என் மகனுக்கு அவன் பெண்டாட்டி பதினைந்து வருஷத்துப் பழைய காரை வாங்கித் தரப் போகிறாளாம்" என்றார்.

மருமகள் செவிலியர். இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு மருத்துவமனையில் நான்கு ஆண்டுகளாகப் பணிபுரிகிறார். கணவர் தவக்காலத் தொடக்கத்தில்தான் அங்குச் சென்று சேர்ந்தார். இங்கே சொந்தமாக வாடகைக் கார் ஓட்டியவர். அங்கே கிடைத்த வேலை, ஊருக்கு வெளியே நாலைந்து மைல் தொலைவில் ஒரு கிடங்கில். விடியற்காலை ஐந்து மணிக்கு அங்கு நிற்க வேண்டும். அந்நேரத்தில் பேருந்து இல்லை. ஆகவே கார் இன்றியமையாதது. கையிலுள்ளது 3,000 பவுண்டு. அத்தொகைக்கு அவர் கண் வைத்தது ஒரு பெரிய ஜெர்மானிய டீசல் கார்; படமெடுத்து ஊருக்கு அனுப்பினால் எடுப்பாயிருக்கும். மனைவி பார்த்து வைத்ததோ டொயோட்டா யாரிஸ் என்னும் சிறிய பெட்ரோல் கார்.

அந்நாட்டுப் பங்கு ஒன்றில் சில ஆண்டுகள் பணியாற்றியவன் நான். ஆதலால் இவ்வழக்கில் மருமகள் பக்கமே சாய்ந்தேன். பழைய பெரிய கார் மலிவாக விற்கப்படுவதற்குக் காரணமுண்டு. யானையை மலிவாக வாங்கிவிடலாம்; தீனி மலிவாகக் கிடைக்காது. உதிரிப் பாகங்களும் காப்பீடும் பெரிய காருக்குரிய விலையிலேயே நிற்கும். மேலும், பிற்காலத்து டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. நெடுஞ்சாலையில் நெடுந்தூரம் ஓடினால்தான் அது சூடேறிக் கரியை எரித்துத் தன்னைத் துப்புரவு செய்துகொள்ளும். நாள்தோறும் நாலைந்து மைல் மட்டுமே ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். மாற்றுவதற்கு ஆகும் செலவு சிறிதன்று.

வண்டியின் வயதைக் கேட்டு அந்தத் தாய் கலங்க வேண்டியதில்லை. அங்கே 3 ஆண்டுகள் கடந்த எந்தக் காரும் ஆண்டுதோறும் எம்.ஓ.டி. என்னும் சோதனையில் தேறியாக வேண்டும். வண்டியின் எண்ணைக் கணினியில் இட்டால், 2005 முதலான சோதனை முடிவுகளும், அவ்வப்போது ஓடியிருந்த மைல் கணக்கும், சோதித்தவர் எழுதிவைத்த எச்சரிக்கைகளும் காசின்றிக் காணக் கிடைக்கும். இதை அறிந்தும் படிக்காமல் விட்டவன் நான். கண்ணாடிபோல் பளபளத்த ஒரு காரை வாங்கினேன். மறு ஆண்டே அடித்தகடு துருவேறியதென்று சோதனையில் தவறிற்று. அதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளிலும் அதே துருவைக் குறித்து எச்சரித்திருந்தார்கள்!

இவ்வளவும் கேட்டபின் அந்தத் தாய் மற்றொரு குறையை எடுத்தார். அதுவே என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது. புதிதாக வந்தவர், இந்திய உரிமம் உடையவர் என்பதால், மகன் பெயரில் காப்பீட்டுக் கட்டணம் வண்டி விலையில் பாதியை எட்டுகிறதாம். மருமகளோ அந்நாட்டு உரிமம் பெற்று மூன்றாண்டு ஆகிறது. வண்டியை முதன்மையாக ஓட்டுபவள் அவளே என்று எழுதிக் கொடுத்துவிட்டால் கட்டணம் வெகுவாகக் குறையும். "ஊரில் எல்லாரும் செய்வதுதானே, சுவாமி? அதற்கும் மாட்டேன் என்கிறாள்."

மாட்டேன் என்றதே சரி என்று சற்று உரத்தே சொல்லிவிட்டேன். மருத்துவமனைக்கு நடந்தே செல்லும் பெண், அன்றாடம் கார் ஓட்டுபவள் தானே என்று கையொப்பமிடுவது பொய். அந்நாட்டுச் சட்டம் அதை மோசடியாகவே கொள்ளும். விபத்து நேர்ந்தால் நிறுவனம் காப்பீட்டையே செல்லாததாக்கி, ஈட்டுத்தொகையை மறுக்கலாம். மோசடிக் குற்றம் ஒரு செவிலியர்மேல் விழுந்தால், அவர் பெயரைப் பதிவு செய்துள்ள மன்றத்திற்கும் விடை சொல்லியாக வேண்டும். அக்குடும்பத்தின் சோறே அந்தப் பதிவில் அல்லவா இருக்கிறது? இதைச் சொன்னதும் அந்தத் தாய் அழுகையை நிறுத்திக்கொண்டார்.

எனினும் மகனையும் நினைத்துப் பார்த்தேன். பதினைந்து ஆண்டுகள் தன் உழைப்பால் வீட்டை நடத்தியவர், இப்போது பேருந்துக் கட்டணத்திற்கும் மனைவியின் பணப்பையை எதிர்பார்த்து நிற்கிறார். பெரிய காரின்மேல் வைத்த ஆசை காரைப் பற்றியது மட்டுமன்று. மருமகளிடம் நான் கண்ட குறையும் ஒன்றுண்டு: அவரைக் கலக்காமலே வண்டியைத் தேர்ந்துவிட்டார். அன்றிரவே அவருக்கு எழுதினேன்: "மகளே, எவ்வளவு பணம், என்ன வகை வண்டி என்பதை இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். பிறகு எந்த வண்டி என்பதை அவரிடம் விட்டுவிடு. நீ நோயாளியின் நாடி பிடித்தவள். அவர் எஞ்சினின் நாடி பிடித்தவர். பகல் வெளிச்சத்தில், மழையில்லாத நாளில் போய்ப் பார்க்கட்டும். பதிவுப் புத்தகத்திலுள்ள முகவரியும் விற்பவர் வீடும் ஒன்றுதானா என்று நீ பார்."

தனியாரிடம் வாங்குவதா, கடையிலா என்றும் அவர் கேட்டிருந்தார். தனியாரிடம் விலை குறையும். ஆனால் கடையில் வாங்கியது பழுதுடையதென்றால் 30 நாளுக்குள் திருப்பித் தரும் உரிமையை 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டம் வழங்குகிறது. புதிதாக வந்தவர்களுக்கு அந்த வேறுபாட்டுத் தொகை வீணன்று என்பது என் எண்ணம்.

சென்ற வாரம் அந்தத் தாய் மீண்டும் வந்தார். மருமகள் குறித்துவைத்த யாரிஸை மகன் தள்ளிவிட்டாராம். பார்க்கப் போனபோது எஞ்சின் மூடி சூடாயிருந்ததாம். காலையில் எளிதாய்க் கிளம்பாத வண்டியை முன்னமே கிளப்பி வைத்திருக்கிறார்கள் என்று கண்டுகொண்டார். இரண்டு வாரம் தேடி, ஒரு கடையில் ஹோண்டா ஜாஸ் வாங்கியிருக்கிறார். காப்பீடும் அவர் பெயரிலேயே. கட்டணத்தைச் சரிக்கட்ட, கிறிஸ்துமசுக்கு ஊர் வருவதாயிருந்ததை இருவரும் தள்ளிப்போட்டுவிட்டார்கள். அதில் தாய்க்கு வருத்தம்தான். காரின் நிறமும் அவருக்குப் பிடிக்கவில்லை.

இனி மகனுக்கு வேறொரு வேலை காத்திருக்கிறது. குடியேறிய நாள்முதல் 12 மாதமே இந்திய உரிமத்தைக் கொண்டு அங்கே ஓட்டலாம். அதற்குள் எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் தேறியாக வேண்டும். பதினைந்து ஆண்டுகள் ஓட்டிய எனக்குத் தேர்வா என்று முறையிடுகிறாராம். வினா நூலை வாங்கி, இரவுச் செபமாலைக்குப் பின் மனைவி கேள்வி கேட்க, அவர் விடை சொல்லி வருகிறாராம்.